தேதியை மட்டும் மாற்றாதீர்கள்

வேலை தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, சேலத்தில் முதலில் ஒரு நூற்பாலையிலும் பிறகு ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையிலும் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: அம்மா, எனக்கு 29 வயது. அம்மாப்பேட்டையில் தறிக் குடும்பம். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மார்ச் மாதம் எங்கள் பிராஜெக்டையே மூடி, முப்பது பேரை நிறுத்தினார்கள். "நீங்களே ராஜினாமா மெயில் போட்டுவிட்டால் மூன்று மாதச் சம்பளம் சேர்த்துக் கொடுக்கிறோம், ரிலீவிங் லெட்டரும் சுத்தமாக வரும்" என்று ஹெச்.ஆர். சொன்னார்கள். போட்டுவிட்டேன். ஏப்ரல் 15 கடைசி நாள். இப்போது சேலத்தில் இருக்கிறேன். வீட்டில் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவுக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் மட்டும் விஷயம் தெரியும். அடுத்த மாதம் இரண்டு இன்டர்வியூ இருக்கிறது. ஒன்று பெங்களூர் கம்பெனி. இன்னொன்று இங்கேயே ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பார்க்கில். "ரெஸ்யூமில் 'இன்றுவரை' என்று போடு, வேலையில் இருக்கிறவளுக்குத்தான் மதிப்பு" என்கிறாள் தோழி. "அம்மாவுக்கு உடம்பு முடியலை, அதனால விட்டுட்டேன்னு சொல்லிடு" என்கிறார் அக்கா வீட்டுக்காரர். கடிதத்தில் ராஜினாமா என்றுதான் இருக்கிறது. நானே விட்டேன் என்று சொன்னால் அது பொய்யா?
வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: சொல்லிவிடுங்கள் கண்ணு. அவர்கள் கேட்கும்போது, இரண்டு வாக்கியத்தில், குரல் தாழாமல் சொல்லுங்கள். கேட்பதற்கு முன்னால் நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ரெஸ்யூமில் ஏப்ரல் வரை என்று மாதம் இருந்தால் போதும். ஏன் முடிந்தது என்று ரெஸ்யூமில் எழுதுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது.

உங்கள் தோழி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஆபத்து அதில்தான் அதிகம். ஒரு கம்பெனி உங்களை எடுப்பதாக முடிவு செய்ததும் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்கும். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பது பி.எஃப். கணக்கில் பதிவாகியிருக்கும். விலகிய தேதியைப் பழைய நிறுவனம் ஏற்றாமல் விட்டிருந்தாலும், மாதாமாதம் விழுந்த பணம் எந்த மாதத்தோடு நின்றது என்று பாஸ்புக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கேட்பார்கள், பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். வருமான வரியின் 26ஏ.எஸ். படிவத்தில் எந்த நிறுவனம் எப்போதுவரை வரி பிடித்தது என்று இருக்கும். இதையெல்லாம் பார்ப்பது உங்களை இன்டர்வியூ எடுத்தவர் இல்லை, வெளியே இருக்கிற சரிபார்ப்பு ஏஜென்சி. உங்கள் திறமை அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக் கொடுத்த தேதியும் கிடைத்த தேதியும் பொருந்துகிறதா என்று பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் போட்டு அனுப்புவார்கள்.

அந்த அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு குவாலிட்டி இன்ஜினியரை மறக்க முடியவில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி ஒரு லைனையே நிறுத்தியிருந்தது. தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த செய்தி. நடந்ததைச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக எடுத்திருப்போம். வேலையில்லாத இரண்டு மாதத்தைப் பழைய கம்பெனியோடு சேர்த்து எழுதிவிட்டார். அறிக்கை சிவப்பாக வந்தபோது அவருக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்தாகிவிட்டது, மனிதர் சீலநாயக்கன்பட்டியில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். ஆஃபரைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். லைன் நின்றதற்கு அவர் பொறுப்பு இல்லை, யாரும் அவரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். தேதி மட்டும்தான் அவருடைய கையால் நடந்தது, அதற்கு எங்களிடம் விதிவிலக்கு இல்லை.

வேலையில் இருக்கிறவருக்குத்தான் மதிப்பு என்று தோழி சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சம்பளம் பேசும்போது கையில் வேலை இருப்பவர் நிமிர்ந்து பேச முடியும். ஆனால் உங்கள் பக்கமும் ஒரு பலம் இருக்கிறது. ஐ.டி. துறையில் நோட்டீஸ் பீரியட் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுக்கிறது. ஆள் உடனே வேண்டும் என்று தவிக்கிற பிராஜெக்ட் மேனேஜருக்கு, அடுத்த திங்கட்கிழமை வந்து உட்காரக்கூடிய ஆள் பெரிய விஷயம். அதனால் கம்பெனிக்கு ஆள் தேடிக் கொடுக்கிற ஏஜென்சிப் பெண் போனில் "இப்ப எந்த கம்பெனி, நோட்டீஸ் எவ்வளவு?" என்று கேட்கும்போது தடுமாறாதீர்கள். நிறையப் பேர் பொய்யைத் தொடங்குவது இந்த முதல் போனில்தான், இன்டர்வியூ அறையில் இல்லை. "ஏப்ரல் 15-ஓடு முடிஞ்சுதுங்க, நோட்டீஸ் எதுவும் இல்லை, உடனே சேரலாம்" என்று சொல்லுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலைத் தளங்களிலும் அதே ஏப்ரல் இருக்கட்டும். ரெஸ்யூமில் ஒன்று, அங்கே ஒன்று என்றிருந்தால் முதல் சந்தேகமே அதில்தான் வரும்.

இனி ராஜினாமா விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஆட்குறைப்பு என்று எழுத்தில் கொடுத்தால், தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறுகள் சட்டம் சொன்னது. 2020-இல் வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. அரசாங்கத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும். "நானாகவே போகிறேன்" என்று ஒரு மெயில் வாங்கிவிட்டால் இதில் எதுவும் அவர்கள் தலைமேல் இல்லை. உங்களிடம் அந்த மெயிலை வாங்கும்போது உங்கள் நலனுக்காக வாங்குவதைப் போலப் பேசியிருப்பார்கள். முப்பது பேரும் ஒரே வாரத்தில் ஒரே வாசகத்தில் ராஜினாமா செய்தால் அதற்குப் பெயர் ராஜினாமா ஆகாது, அது அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் கடிதம் போனது போனதுதான். உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: "நானே விட்டேன்" என்று மட்டும் சொன்னால் அது பாதி. அந்தப் பாதியும் உங்களுக்கு உதவாது. "வேறு வேலை கையில் இல்லாமல் ஏன் விட்டீர்கள்?" என்று அடுத்த நிமிடமே கேட்பார்கள். அதற்கு இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்கும், அதற்கு அடுத்த கேள்விக்கு இன்னொன்று. மறுபக்கம், "என்னை நீக்கிவிட்டார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், சரிபார்க்கிறவர் பழைய ஹெச்.ஆரைக் கூப்பிடும்போது "அவங்க ராஜினாமா பண்ணிட்டுப் போனாங்க" என்று பதில் வரும், அப்போது நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும். அதனால் கடிதமும் நடந்ததும் ஒரே மூச்சில் வர வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"எங்க பிராஜெக்டை மார்ச்ல மூடிட்டாங்க, முப்பது பேர் வெளியே வந்தோம். எல்லாரையும் ராஜினாமா கொடுக்கச் சொன்னாங்க, அதனால என் ரிலீவிங் லெட்டர்ல ராஜினாமான்னு இருக்கும்."

இவ்வளவுதான். இதற்கு மேல் நீங்களாக ஒன்றும் சேர்க்காதீர்கள். படிவத்தில் 'விலகிய காரணம்' என்று கட்டம் இருந்தால் "பிராஜெக்ட் மூடப்பட்டது, நிறுவனம் கேட்டபடி ராஜினாமா" என்று எழுதுங்கள். ஹெச்.ஆர். அனுப்பிய மெயில், மீட்டிங் அழைப்பு எதையாவது உங்கள் சொந்த மெயிலில் வைத்திருந்தால் அதை அழிக்க வேண்டாம். மூன்று மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். தொகையை வெளியே சொல்லக் கூடாது, நிறுவனத்தைக் குறைத்துப் பேசக் கூடாது என்று சில இடங்களில் எழுதி வாங்குகிறார்கள். அப்படி இருந்தால் தொகையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். பிராஜெக்ட் மூடியது என்ற செய்திக்கு அதனால் தடை வராது.

"முப்பது பேரில் ஏன் நீங்கள்?" இந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் நன்றாகத் தயார் செய்ய வேண்டும். மேசையின் இந்தப் பக்கம் இருந்தவள் சொல்கிறேன், வேலை போனது என்பதை வைத்து நாங்கள் யாரையும் எடை போட்டதில்லை. இந்தக் கேள்விக்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைத்தான் பார்ப்போம். மேலிடத்தில் அரசியல், மேனேஜருக்கு வேண்டியவர்கள் தப்பித்தார்கள், கன்னடக்காரர்களை வைத்துக்கொண்டார்கள் என்று போனால் அங்கேயே முடிந்தது. அது உண்மையாகவே இருந்தாலும் சரி. உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். எந்தப் பிராஜெக்ட், மொத்தம் எத்தனை பேர், உங்கள் டீம் லீடும் போனாரா, கடைசி அப்ரைசலில் உங்களுக்கு என்ன ரேட்டிங். அந்த அப்ரைசல் தாள் கையில் இருந்தால் அதுவே போதிய பதில். வெளியே வந்த டீம் லீட் உங்களைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவார் என்றால், இன்றைக்கே அவரிடம் கேட்டு அவர் நம்பரை ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அவரும் வேலை தேடிக்கொண்டுதான் இருப்பார், உங்கள் போனைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்டர்வியூ எடுக்கிறவர் அதிர்ச்சி அடைவார் என்று பயப்படாதீர்கள். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. நம் ஊர்ப் பெற்றோர்கள் அரசாங்க வேலைக்குச் சமமாக நினைத்திருந்த டி.சி.எஸ்., 2025 ஜூலையில் 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தது. உங்கள் எதிரில் உட்காரப் போகிறவருக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பியோ பழைய டீம்மேட்டோ இருப்பார்.

அக்கா வீட்டுக்காரர் பாசத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் நன்றாக இருக்கிற அம்மாவை நோயாளி ஆக்க வேண்டாம். மனசுக்குப் பிடிக்காதது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். "இப்ப அம்மா எப்படி இருக்காங்க, யார் பார்த்துக்கிறாங்க, மறுபடி முடியாமல் போனா லீவு எடுப்பீங்களா?" என்று அவர்கள் மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். ஆண் பிள்ளை சொன்னால் 'பொறுப்பானவன்' என்பார்கள், பெண் பிள்ளை சொன்னால் 'எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடுவாள்' என்று முடிவு கட்டுகிற மேசைகள் இன்னும் இருக்கின்றன. வேலையைப் பறிகொடுத்ததைவிட இது உங்களைக் கீழே தள்ளும்.

சேலத்துக் கம்பெனிக்கு வேறு பயம் இருக்கும். பெங்களூரில் வேலை போனவர்கள் தற்காலிகமாக இங்கே வந்து ஒதுங்கிவிட்டு, அங்கே நிலைமை சரியானதும் ஓடிவிடுவார்கள் என்று இவர்கள் நினைப்பார்கள். சம்பளமும் பெங்களூர் சம்பளம் இருக்காது. இங்கேயே தங்க உங்களுக்கு மனம் இருக்கிறதா என்று போவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். இருந்தால், வீட்டுச் சாப்பாடு, வீட்டு வாடகை இல்லை, பெற்றோர் பக்கத்தில் என்று காரணத்தோடு சொல்லுங்கள், நம்புவார்கள். இல்லை என்றால் "எப்போதும் சேலம்தான்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் உறுதியாக இருப்பேன் என்று சொல்ல முடிந்தால் அதைச் சொல்லுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

சம்பளத்தைப் பொறுத்தவரை, கடைசியாக வாங்கியதைக் கேட்டால் பே ஸ்லிப்பில் இருப்பதைச் சொல்லுங்கள். அந்த மூன்று மாதத் தொகையை அதில் சேர்க்காதீர்கள். வேலை இல்லையே என்று குறைத்துக் கேட்டால் அதே போனில் சரி என்று சொல்லிவிட வேண்டாம். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று வையுங்கள், ஒரு நாளில் யாரும் ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். ஆறு வருடம் முடித்திருக்கிறீர்கள், ராஜினாமாவாக இருந்தாலும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, உங்களுக்கு உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். செட்டில்மென்ட் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப். தளத்தில் விலகிய தேதி ஏறவில்லை என்றால், கடைசியாகப் பணம் விழுந்து இரண்டு மாதம் ஆனபிறகு ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே ஏற்றலாம், 2020-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியைப் போடுங்கள்.

இப்போது வீட்டு விஷயம். நீங்கள் என்னிடம் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சரிபார்ப்பு ஏஜென்சிக்காரர் முகவரி பார்க்க வீட்டுக்கே வருவார். "உங்க பொண்ணு இங்கதான் இருக்காங்களா, எத்தனை மாசமா?" என்று திண்ணையில் நிற்கும் அப்பாவைத்தான் கேட்பார். அந்த மனிதர் வாயிலிருந்து உங்கள் அப்பா இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. தறிக்காரரிடம் சொல்ல எதற்குப் பயம்? தறியில் ஏற்றுகிற பாவு நூல் வராமல் தறி நின்ற வாரங்கள் அவருக்கு எத்தனை இருந்திருக்கும்! முதலாளி பாவு கொடுக்கவில்லை என்றால் நெசவாளி கையில் குறை என்று அம்மாப்பேட்டையில் யாரும் சொன்னதில்லை. உங்களுக்கு நடந்ததும் அதேதான் என்று அவருக்கு உங்களைவிடச் சீக்கிரம் புரியும். மேலே எழுதிக் கொடுத்த இரண்டு வாக்கியத்தை முதலில் அவரிடம் சொல்லிப் பாருங்கள். வீட்டில் அழாமல் சொல்ல வந்துவிட்டால் இன்டர்வியூவில் தொண்டை அடைக்காது. பகலெல்லாம் லேப்டாப்பைத் திறந்து வைத்து வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கிற அந்தக் களைப்பும் உங்களை விட்டுப் போகும்.

கேள்வி: நான் ஏற்காடு நாகலூர். ஒண்டிக்கடை பக்கம் ஒரு ரிசார்ட்டில் நான்கு வருடம் ஃப்ரன்ட் ஆபீஸில் இருந்தேன். உரிமையாளர் மாறியதும், மே மாதக் கோடை விழா கூட்டம் முடிந்த கையோடு எட்டுப் பேரை அனுப்பிவிட்டார்கள். சம்பளம் பாதி பேங்கில், பாதி கையில். கடிதம் எதுவும் கிடையாது. இப்போது இன்னொரு ரிசார்ட் மேனேஜர் பேச வரச் சொல்லியிருக்கிறார். "நானே நின்றுவிட்டேன், காபி பறிக்க ஆள் இல்லையென்று வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தேன்" என்று சொல்லலாம் என்று இருக்கிறேன். சரியா அம்மா?
வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம் தம்பி. மலைமேல் இருபது வருடமாக ரிசார்ட் நடத்துகிறவருக்குக் காபி எப்போது பழுக்கும் என்று தெரியாதா? பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வாக்கில் முடிகிற வேலை. ஜூனில் பறிக்கப் போனேன் என்றால் அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு உங்களை வெளியே அனுப்பிவிடுவார்.

அம்மாப்பேட்டைப் பெண்ணுக்குக் கேட்டால் சொல்லுங்கள் என்றேன். உங்களுக்கு மாற்றிச் சொல்கிறேன், கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் நடந்தது இன்னொரு கம்பெனிக்குத் தெரியாது. ஏற்காடு அப்படி இல்லை. உங்கள் ரிசார்ட்டுக்குக் காய்கறி போட்டவர்தான் அந்த ரிசார்ட்டுக்கும் போடுகிறார். துணி வெளுக்கும் வண்டியும் ஒன்று, டாக்சி டிரைவர்களும் அவர்களே. எட்டுப் பேர் ஒரே நாளில் வெளியே வந்த செய்தி நீங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் ஒண்டிக்கடையில் பேசியாகியிருக்கும். அந்த மேனேஜர் உங்களைக் கூப்பிட்டதே அதனால்தான் என்றுகூட நான் நினைக்கிறேன். பழகிய ஆள் ஒருவர் இப்போது கிடைப்பார் என்று தெரிந்து கூப்பிட்டிருக்கிறார். போய் உட்கார்ந்ததும், "ஓனர் மாறினதுல எட்டுப் பேரை நிறுத்திட்டாங்க சார், அதுல நானும் ஒருத்தன்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் பார்த்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள். புது உரிமையாளரைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசாதீர்கள். நாளைக்கு இரண்டு ரிசார்ட்டுக்கும் இடையே அறை மாற்றி அனுப்புகிற வேலை உங்கள் கையில்தான் வரும்.

கடிதம் இல்லாததற்கு இவ்வளவு கவலை வேண்டாம். பேங்கில் விழுந்த பாதிச் சம்பளமே நான்கு வருடத்துக்குச் சாட்சி, ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கிவிட்டுப் போனவர்கள் கூகுளில் எழுதிய ரிவ்யூக்களில் உங்கள் பெயரைச் சொல்லிப் பாராட்டியவை இருக்கும். அவற்றைத் தேடி எடுத்துப் போனில் வையுங்கள், உங்கள் தொழிலில் அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. பழைய உரிமையாளர் நல்ல மனிதர் என்றால் அவரிடம் இரண்டு வரிக் கடிதம் கேளுங்கள். விற்றுவிட்டவருக்கு அதைக் கொடுப்பதில் நஷ்டம் இல்லை.

கடைசிச் சம்பளம் கேட்டால் பேங்க், கை இரண்டையும் சேர்த்து உண்மையைச் சொல்லுங்கள், எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். புது இடத்தில் முழுச் சம்பளமும் பேங்கில் வேண்டும் என்று கேளுங்கள். இருபது பேர் வேலை செய்கிற இடத்தில் பி.எஃப். கட்டாயம். பத்துப் பேர் இருந்தாலே, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வேலையில்லாமல் போய் நிற்கிறோம், இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தோன்றும். நான்கு வருடம் அதைக் கேட்காமல் இருந்ததால்தான் இன்றைக்குக் காட்ட ஒரு தாள் இல்லாமல் நிற்கிறீர்கள். வேலைக்கான உத்தரவைத் தாளில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 31 வயது. சென்னையில் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்ததில் அவனுக்கும் வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. இன்டர்வியூக்களில் அவன் உள்ளதைச் சொல்லித்தான் போய்வருகிறான். எங்கள் பிரச்சினை வேறு. ஆடிப் பண்டிகை முடிந்ததும் ராசிபுரத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். "இப்ப ஏன் சொல்றீங்க, நிச்சயத்துக்குள்ள வேலை கிடைச்சிடும்" என்கிறார் புரோக்கர். மகனோ சொல்லியே ஆக வேண்டும் என்கிறான். என்ன செய்வது?
வாசகி, குகை, சேலம்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி அம்மா. தெரியாத கம்பெனியிலேயே உள்ளதைச் சொல்கிற பையன், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் மறைக்க முடியுமா? கம்பெனியில் கண்டுபிடித்தால் வேலை போகும், அவ்வளவுதான். இங்கே அந்தப் பெண் கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் யார் மூலமாவது தெரிந்துகொள்வாள். அதற்குப் பிறகு அவன் சொல்வது ஒவ்வொன்றையும் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். புரோக்கருக்கு நிச்சயத்தோடு வேலை முடிந்தது, அவர் கணக்கு வேறு.

ராசிபுரத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து காபி டம்ளரைக் கையில் வாங்கிய பிறகு சொல்வது முறை இல்லை. கிளம்புவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், வருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். பெரியவர்கள் வாயால் சொன்னால் 'ஏதோ மழுப்புகிறார்கள்' என்று தோன்றும். பெண்ணின் அப்பாவிடம் உங்கள் மகனே போனில் பேசட்டும். வேலை எப்படிப் போனது, எந்த மாதம், கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, எங்கெங்கே இன்டர்வியூ நடக்கிறது. இந்த நான்கையும் சொன்னால் போதும். வேலை கிடைத்த பிறகு வருகிறோம் என்று அவர்கள் சொன்னால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, சரி என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மகனிடம் சொல்லிவையுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது, அதனால் சீக்கிரம் வேலை வேண்டும் என்று இன்டர்வியூவில் வாய் தவறிக்கூடச் சொல்ல வேண்டாம். அவசரத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் சம்பளத்தைக் குறைத்துத்தான் பேசுவார்கள்.